உண்டியல் பணத்தில் விளையாட்டுத் திடலா?

கேள்வி: திருத்தணி மலைக்கோயிலுக்கு இவ்வளவு வருமானம் வருகிறதே, அதில் ஊருக்கு ஒரு விளையாட்டுத் திடலும் சுற்றுலா வசதிகளும் அமைத்தால் என்ன?
- ஒரு வாசகர், திருத்தணி

பதில்: திடல் வேண்டும், உண்டியல் பணத்தில் வேண்டாம். அது அரசுப் பணம் அல்ல, முருகனுடையது. 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி அறநிலையத் துறை அதை மேற்பார்வை செய்யலாம், நினைத்தபடி செலவிட முடியாது. ஆடிக் கிருத்திகையன்று ஆந்திரத்திலிருந்தும் காவடியோடு வருகிறவர்கள் சரவணப் பொய்கையில் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு படியேறுகிறார்கள். கைக்குழந்தையோடு வரும் பெண்களும் உண்டு. இவர்களுக்கு உடை மாற்ற அறை, சுத்தமான கழிப்பறை, குடிநீர், நிழல் ஆகியவற்றுக்குக் கோயில் பணம் தாராளமாகச் செலவாகட்டும். அது பக்தர்களுக்கான பணி.

விளையாட்டுக்கு 1992-இல் அமைந்த தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் இருக்கிறது. சுற்றுலாவுக்கு 1971-இல் தொடங்கிய சுற்றுலா வளர்ச்சிக் கழகம். அரசு இவற்றுக்குத் தரும் பணம் நம் வரிப்பணம். மானியக் கோரிக்கை விவாதத்தில் சட்டமன்ற உறுப்பினர் அதற்குக் கணக்குக் கேட்கலாம். ம.பொ.சி. போன்றோர் போராடி, 1960 ஏப்ரல் 1-இல் தமிழகத்தோடு சேர்ந்த ஊர் இது. எல்லையில் இருப்பதாலேயே கடைசி வரிசையில் நிற்க வேண்டியதில்லை. திருவள்ளூர் மாவட்டத்துக்கு வந்த விளையாட்டு நிதியில் திருத்தணிக்கு எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பதிலை எங்களுக்கும் அனுப்புங்கள்.