மழைக்காலத்தில் லைசென்ஸ் துப்பாக்கி: துருப் பிடிக்காமலிருக்கச் சில குறிப்புகள்

பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் வாங்கிய எஸ்.பி.எம்.எல். (முன்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல்) ஆனாலும் சரி, தாத்தா காலத்து ரெட்டைக்குழல் 12 போர் ஆனாலும் சரி, நம் ஊர் வீடுகளில் துப்பாக்கி வருஷத்தில் பெரும்பாலான நாள் பீரோவுக்குள்தான் கிடக்கிறது. சுட்டுக் கெட்டதைவிடச் சும்மா கிடந்து கெட்டதுதான் அதிகம். அடைமழை தொடங்குவதற்குள் ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள்.

1. துணியைத் தொடுவதற்கு முன், உள்ளே தோட்டா இல்லை என்று பாருங்கள். கண்ணாலும் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். ரெட்டைக்குழல் என்றால் இரண்டையும். வாய் ஆளில்லாத பக்கமே இருக்கட்டும். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். முன்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கேப் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, கெட்டிக்கும் கம்பியை உள்ளே விட்டு எடுத்து, குழலின் வெளிநீளத்தோடு வைத்துப் பாருங்கள். கம்பி கணிசமாகக் குறைவாக இறங்கினால் உள்ளே மருந்து இருக்கிறது. அதோடு நிறுத்திவிட்டு, விவரம் தெரிந்த உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரைக் கூப்பிடுங்கள்.

2. வியர்வையில் உப்பு இருக்கிறது. வந்த விருந்தாளி ஆசையாகக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால், அவர் விரல் பட்ட இடமெல்லாம் சில நாளில் பழுப்பாகும். எப்போது எடுத்தாலும் இரும்புப் பகுதி முழுவதையும் துடைத்த பிறகே உள்ளே வையுங்கள்.

3. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம். தாவர எண்ணெய்கள் நாள்பட நாள்படப் பிசினாகி, விசையையும் ஸ்பிரிங்கையும் ஒட்டிக்கொள்ளும். துப்பாக்கிக்கென்று விற்கும் எண்ணெய் நல்லது. கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் போதும். டபிள்யூ.டி.-40 ஈரத்தை விரட்டக் கெட்டிக்காரன். ஆனால் அது விட்டுச் செல்லும் படலம் மெல்லியது. மாசக்கணக்கில் காக்க அதை மட்டும் நம்பக் கூடாது.

4. எண்ணெய் ஊற்றுவதல்ல, தொட்டுத் துடைப்பது. அதிகமானால் வழிந்து கட்டைக்குள் இறங்கி மரத்தை மென்மையாக்கிவிடும். எண்ணெய் போட்ட முதல் ராத்திரி மட்டும் வாய் கீழே இருக்கும்படி ஒரு பழந்துணிமேல் சாய்த்து வைத்தால் மிச்சம் வடிந்துவிடும்.

5. கருமருந்து போடும் துப்பாக்கிக்குத்தான் அதிகக் கவனம் தேவை. அந்த மருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. எரிந்த பிறகு குழலுக்குள் தங்கும் கசடும் பெரும்பாலும் பொட்டாசிய உப்புகளே. அவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறுநாளே துருவை ஆரம்பித்து வைக்கும். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள்: கசட்டின்மேலேயே எண்ணெயைத் தடவிவிடுவார்கள். உப்பு எண்ணெயில் கரையாது. தண்ணீரில்தான் கரையும்.

அதனால் சுட்ட அன்றைக்கே கட்டையிலிருந்து குழலைக் கழற்றி, கொஞ்சம் சோப்புக் கலந்த வெந்நீரால் கழுவுங்கள். பிறகு வெறும் வெந்நீர் விட்டு அலசுங்கள். நீர் நன்றாகச் சூடாக இருந்தால் குழலும் சூடேறித் தானே காயும். காய்ந்த துணியை உள்ளே ஓட்டி, கருப்பு வராமல் நின்ற பிறகுதான் எண்ணெய். கேப் பொருத்தும் சிறு முனையை மறக்காதீர்கள். துரு முதலில் பிடிப்பது அங்கேதான்.

பொட்டாசியம் குளோரேட் கேப் உள்ள பழைய ராணுவத் தோட்டாக்களைச் சுட்ட குழலுக்கும் இதே வைத்தியம்தான். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் படைகளில் ரைபிள் குழலில் கொதிநீர் ஊற்றக் கையில் புனலே வைத்திருந்தார்கள்.

6. குழலைத் துடைக்கும்போது முடிந்தவரை பின்பக்கத்திலிருந்து வாய் நோக்கி இழுங்கள். ராணுவத்தில் இருந்தவர்கள் 'புல்-த்ரூ' என்று சொல்லும் எடை கட்டிய கயிறு இதற்கு வசதி.

7. ஈரம் உள்ளே போகாமலிருக்கக் குழல் வாயில் துணி அடைத்து வைப்பது பழைய பழக்கம். விட்டுவிடுங்கள். துணி ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். மறந்துபோய்ச் சுட்டால் குழலே வெடிக்கலாம்.

8. தோல் உறை எடுத்துப் போக மட்டுமே. தோல் ஈரம் உறிஞ்சும். பதனிட்ட அமிலமும் அதில் இருக்கும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டுவதும் தப்புதான், உள்ளே மாட்டிய ஈரம் எங்கே போகும்?

9. பீரோவை வெளிச்சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். உள்ளே சிலிக்கா ஜெல் வையுங்கள். நிறம் மாறியதும் சூடேற்றிக் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம். நீல மணிகளில் கோபால்ட் உப்பு உண்டு, சமையல் வாணலியில் வறுக்க வேண்டாம். அந்துருண்டை பூச்சிக்குத்தான், துருவுக்கு அல்ல. அரிசிப் பொட்டலமும் பிரயோஜனமில்லை, எலி வரும்.

10. ஆயுத பூஜைக்குக் குழைத்த சந்தனமும் குங்குமமும் வைத்து, எலுமிச்சையும் நறுக்கி வைப்போம். தண்ணீர், அமிலம் இரண்டும் இரும்புக்கு ஆகாது. குடகில் கைல்போது என்னும் ஆயுத வழிபாட்டு நாளில் துப்பாக்கிக்குச் செங்காந்தள் பூச் சூட்டுகிறார்கள். அங்கே அது மழை முழுதாக விடாத செப்டம்பர் மாதம். சாமிக்குச் செய்வதைக் குறைக்க வேண்டாம். பொட்டைக் கட்டையில் வைத்துவிட்டு, மறுநாள் காலையிலேயே எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் போட்டுவிடுங்கள்.

11. ஊட்டிக் குளிரிலிருந்து இறக்கிக் கொண்டுவந்த துப்பாக்கி, சமவெளிப் புழுக்கத்தில் வேர்க்கும். வீட்டுச் சூட்டுக்கு வரும்வரை உறையிலேயே விட்டு, பிறகு எடுத்து உள்ளும் புறமும் துடைத்து வையுங்கள்.

12. லேசான பழுப்புக்கு எண்ணெயும், மிக நைசான ஸ்டீல் கம்பிப் பஞ்சும் போதும், மெல்ல. வினிகர், புளி, உப்புத்தாள் எதுவும் வேண்டாம்: குழலின் கருநீல மெருகும் ஒரு இரும்பு ஆக்சைடுதான், துருவோடு சேர்ந்து அதுவும் போய்விடும். உட்புறம் குழி விழுந்திருந்தால் சுடாதீர்கள். ஊர்ப் பட்டறையில் கொடுத்தும் சரிசெய்யக் கூடாது. 1959 ஆயுதச் சட்டப்படி பழுது பார்க்கவும் உரிமம் வேண்டும்.

13. மறுபடி சுடப் போகும் முன் உலர்ந்த துணியைக் குழலில் ஓட்டி எண்ணெயை எடுத்துவிடுங்கள்.

14. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். முடிவு வந்து திரும்பக் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அங்கே யாரும் துடைக்கப் போவதில்லை. கொடுப்பதற்கு முந்தின நாள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கனமாகவே எண்ணெய் போடுங்கள். ஏற்கெனவே உள்ள கீறல், பழுப்பு எல்லாம் தெரிய ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ரசீதில் துப்பாக்கி எண் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.