பாஸ்போர்ட் எடுக்கப்போகும் காஞ்சிப் பிள்ளைகளுக்கு

ஒரகடத்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பையனைப் பயிற்சிக்கு வெளிநாடு அனுப்பப் போகிறார்களாம். தறியை மடக்கி வைத்துவிட்டு இன்னொருவன் துபாய்க்கு டிரைவர் வேலைக்குப் போகிறானாம். பிள்ளையார்பாளையத்துத் திண்ணையில் வந்து உட்கார்ந்ததும் இரண்டு பேரும் கேட்பது ஒன்றைத்தான்: “எவ்வளவு நாள் ஆகும் தாத்தா?” நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: “ஆதார்லயும் மார்க் ஷீட்லயும் பேர் ஒரே மாதிரி இருக்கா?” அதைப் பார்க்க வீட்டுக்குத் திரும்பி நடப்பவர்கள்தான் அதிகம். நெசவாளர் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்ந்த கையால் தெருவுக்கே மனு எழுதிக் கொடுத்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

1. மனுவைத் திறக்கும் முன் எல்லாக் காகிதத்தையும் பாயில் பரப்பி வையுங்கள். ஆதார், பான், வாக்காளர் அட்டை, பத்தாம் வகுப்புச் சான்று, வங்கிப் பாஸ்புக். ஒவ்வொன்றிலும் ஆங்கில எழுத்தை விரல் வைத்துக் கூட்டிப் படியுங்கள். காமாட்சியும் ஏகாம்பரமும் நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிற பெயர்கள். ஆனால் ஆதார் மையத்துப் பெண் ஒரு விதமாகவும் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒரு விதமாகவும் எழுதி வைத்திருப்பார்கள். தமிழில் ஒரே பெயர், ஆங்கிலத்தில் இரண்டு ஆள். அதிகாரி ஆங்கிலத்தைத்தான் பார்ப்பார். எது தப்பாக இருக்கிறதோ அதை முதலில் திருத்துங்கள். ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற விடுவார்கள். எந்த எழுத்து சரி என்று வீட்டில் முடிவெடுத்துவிட்டு அப்புறம் போங்கள்.

2. இனிஷியல் விஷயம். பாஸ்போர்ட் மனு இனிஷியலை ஏற்காது, விரித்து எழுதச் சொல்லும். “எஸ்” என்றால் செல்வமா, சண்முகமா என்று அதற்குத் தெரிய வேண்டும். பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். குடும்பப் பெயர் என்று நமக்கு ஏது? அந்தக் கட்டத்தில் அப்பாவின் பெயரைப் போடுங்கள். வெறுமையாக விட்டாலும் மனு போகும். ஆனால் 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை அனுமதிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. விமான நிலையங்களில் நம்மவர்கள் நின்று தவித்த பிறகு, பின்பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. அந்தத் தவிப்பு உங்களுக்கு எதற்கு?

கல்யாணமான பெண்கள் கணவர் பெயரைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. பள்ளிச் சான்றில் உள்ள பெயரிலேயே எடுங்கள். மாமியார் வீட்டில் முணுமுணுத்தால் என் பெயரைச் சொல்லுங்கள். தாயின் பெயரை மட்டும் போட்டு எடுப்பதற்கும் 2016 டிசம்பர் முதல் வழி இருக்கிறது. தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மாக்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

3. பிறந்த தேதி. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது போதாது என்று வாத்தியாரே ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்ட காலம் ஒன்று இருந்தது. ஜாதகத்தில் ஐப்பசி, சான்றிதழில் ஜூன். அப்படிப்பட்டவர்கள் சான்றிதழோடு போங்கள், ஜாதகம் பீரோவிலேயே இருக்கட்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் செல்லும். அதற்கு முன் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சான்று, பான் கார்டு, ஓட்டுநர் உரிமம், எல்.ஐ.சி. பத்திரம் என்று வேறு வழிகளும் உண்டு.

4. பழைய பிறப்புச் சான்றிதழில் “செங்கல்பட்டு மாவட்டம்” என்று இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். 1997-இல்தான் காஞ்சிபுரம் தனி மாவட்டமாயிற்று. 2019 நவம்பரில் செங்கல்பட்டு பிரிந்து போயிற்று. பாஸ்போர்ட்டில் பிறந்த ஊரும் மாநிலமும்தான் அச்சாகும், மாவட்டம் வராது. ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்தைச் சான்றிதழில் உள்ளபடியே போடுங்கள். கடைப் பலகைகளில் அதற்கும் இரண்டு மூன்று விதம் உண்டு.

5. வெளியுறவு அமைச்சகத்தின் தளம் ஒன்றுதான். முகவரி ‘பாஸ்போர்ட் இந்தியா’ என்று தொடங்கி அரசாங்கத் தளங்களுக்கே உரிய ‘கவ் டாட் இன்’ என்று முடியும். அதே மாதிரி தோற்றம் காட்டிப் பணம் பிடுங்கும் போலித் தளங்கள் உண்டு. சந்தேகம் வந்தால் 1800-258-1800, கட்டணமில்லா எண். பிரவுசிங் சென்டரில் போய் மனுப் போடுவது தப்பில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கும் தம்பி அவசரத்தில் தன் கைபேசி எண்ணையும் தன் மின்னஞ்சலையும் போட்டுவிடுவான். பிறகு வரும் குறுஞ்செய்தியெல்லாம் அவனுக்கே போகும், “போலீஸ் விசாரணைக்கு அனுப்பியாயிற்று” என்பது உட்பட. உங்கள் எண், உங்கள் மின்னஞ்சல், உங்கள் கடவுச்சொல். கடவுச்சொல்லை டைரியில் எழுதி வைத்துக்கொண்டு எழுந்திருங்கள்.

6. கட்டணம் 36 பக்கப் புத்தகத்துக்கு ரூ.1,500, 60 பக்கத்துக்கு ரூ.2,000. தத்கால் என்றால் மேலே இன்னும் ரூ.2,000. பயணத் தேதி கழுத்தைப் பிடிக்காதவரை தத்கால் வேண்டாம். அந்தப் பணத்துக்கு வீட்டில் வேறு வேலை இருக்கும்.

7. தாம்பரம், அமைந்தகரை, சாலிகிராமம் மூன்றிலும் பாஸ்போர்ட் சேவா மையம் இருக்கிறது. 2017-இலிருந்து அஞ்சலகங்களிலும் மையங்கள் திறந்து வருகிறார்கள். திரையில் எது பக்கமாகவும் சீக்கிரமாகவும் கிடைக்கிறதோ அதை எடுங்கள். தாம்பரம் என்றால் செங்கல்பட்டு வழியாகப் போகும் ரயில் அங்கேயே இறக்கிவிடும். பேருந்தில் வாலாஜாபாத், ஒரகடம், படப்பை வழி. தேதி எடுக்கும் முன் பஞ்சாங்கத்தைப் புரட்டுங்கள். ராகுகாலம் பார்க்க இல்லை! வைகாசி கருட சேவையன்று தேதி எடுத்துவிட்டு, சின்ன காஞ்சிபுரத்திலிருந்து விடியற்காலையில் வெளியே வர முடியாமல் நிற்பவர்கள் உண்டு. பெருமாள் குடை அசைந்து வரும்போது பஸ் எங்கே ஓடும்? தேதியை மாற்றலாம்தான், ஆனால் அதற்கும் கணக்கு உண்டு.

8. மையத்துக்குள் ஏ, பி, சி என்று மூன்று கவுண்ட்டர். ஏ-யில்தான் படம் எடுப்பதும் விரல் ரேகை பதிவதும். பின்னணி வெள்ளை, ஆகையால் வெள்ளைச் சட்டை வேண்டாம். தறியில் உட்காருகிறவர்களுக்கு இழையும் ஜரிகையும் ஓடி ஓடி விரல் நுனி வழவழவென்று ஆகியிருக்கும். கருவி ஒரு முறை பிடிக்காமல் போகலாம். கூச்சப்படாமல் துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள். சாயப்பட்டறைக்காரர்கள் முதல் நாள் சாயத்தில் கை வைக்காமல் இருப்பது நல்லது. நாலு வயதுக்குக் கீழ்க் குழந்தைக்கு மட்டும் படத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

இதைக் கவனமாகக் கேளுங்கள். ஏ கவுண்ட்டரில் உங்கள் விவரங்களைத் திரையில் காட்டிச் சரியா என்று கேட்பார்கள். “சரிங்க, சரிங்க” என்று தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பின்னால் வரிசை நிற்கட்டும். அங்கே ஒரு நிமிடத்தில் திருத்துவதை, அச்சான பிறகு திருத்தப் புது மனு போட வேண்டியிருக்கும். பி-யிலும் சி-யிலும் இருப்பவர்கள் அரசு அதிகாரிகள். மூலச் சான்றுகளைப் பார்ப்பார்கள், கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும்.

9. காவல் நிலையத்தைச் சரியாகக் குறியுங்கள். உங்கள் தெரு சிவகாஞ்சி எல்லையா, விஷ்ணுகாஞ்சியா, தாலுகாவா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கோயிலை வைத்து ஊகிக்காதீர்கள். தப்பாகப் போட்டால் காகிதம் ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு அலையும். வாடகை வீடு மாறி ஒரு வருடம் ஆகாவிட்டால் பழைய முகவரியையும் மறைக்காமல் எழுதுங்கள். சரிபார்ப்புக்குத் தனிக் கட்டணம் கிடையாது. வருகிறவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

நீதிமன்றத்தில் வழக்கு இருந்தால் இருக்கிறது என்றே எழுதுங்கள். 1967-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, உண்மையை மறைத்தால் இரண்டு வருடம் வரை சிறை உண்டு. வழக்கு உள்ளவர்களுக்கும் நீதிமன்ற அனுமதியோடு பாஸ்போர்ட் வாங்க வழி இருக்கிறது, வக்கீலைக் கேளுங்கள்.

10. பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் அந்தச் சான்றைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். அது இல்லாவிட்டால் புத்தகத்தில் ‘இ.சி.ஆர்.’ என்று வரும். அப்படி வந்தால் சவூதி, கத்தார், அமீரகம், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சுற்றிப் பார்க்கப் போவதற்கு வேண்டியதில்லை. எட்டாவதோடு தறிக்கு வந்த பையன்கள் இதை அவமானமாக நினைக்கிறார்கள். அது ஏஜெண்ட்டுகளிடம் ஏமாறாமல் இருக்க வைத்த வேலி. “சுற்றுலா விசாவில் போய்விடு, அங்கே மாற்றிக்கொள்ளலாம்” என்று எவன் சொன்னாலும் அவனிடம் பணம் கொடுக்காதீர்கள்.

11. புதுப்பிக்கிறவர்களுக்கு: முன்பே ஒரு புத்தகம் வாங்கியிருந்தால் ‘புதியது’ என்று மனுப் போடக் கூடாது, ‘மறுவெளியீடு’ என்று போட வேண்டும். பெரியவர்களுக்குப் பத்து வருடம் செல்லும், முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே மனுப் போடலாம். பல நாடுகள் ஆறு மாதமாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும். 2025 மார்ச்சிலிருந்து சென்னை அலுவலகம் சிப் பதித்த இ-பாஸ்போர்ட் கொடுக்கிறது, அட்டையிலேயே சின்னப் பொன் அடையாளம் தெரியும். அதற்காகச் செல்லுபடியாகும் பழையதை மாற்ற ஓட வேண்டாம். தொலைத்துவிட்டால் போலீஸ் புகாரும் ரூ.3,000 கட்டணமும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்தவற்றைச் சென்னையில் இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அப்படி நடக்கும் என்று எண்ண முடியாது. மேல் தட்டில் வையுங்கள்.

12. புத்தகம் விரைவு அஞ்சலில் வரும். உங்கள் கையில்தான் கொடுப்பார் தபால்காரர், அடையாள அட்டை கேட்பார். வீடு பூட்டியிருந்தால் திரும்பிப் போய்விடும். பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிடுங்கள் என்று சொல்ல முடியாது.

13. முக்திநாத் சேவிக்க மட்டும் என்று பாஸ்போர்ட்டுக்கு வரும் பெரியவர்களே, நேபாளத்துக்குத் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அட்டையே போதும். விமானத்தில் போனாலும் அப்படித்தான். 65 வயதைத் தாண்டாதவர்கள் ஆதாரை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள், அது செல்லாது.