செஞ்சியாற்று வாத்துக் கணக்கு

செஞ்சி என்றதும் ராஜகிரிக் கோட்டையும் தேசிங்கு ராஜாவும்தான் நம் எல்லோருக்கும் ஞாபகம் வரும். நான் எழுத வந்தது கோட்டையைப் பற்றி அல்ல. அந்த மலைகளில் பெய்யும் மழையைத் தேடி, பனிக்காலத்தில் நம் பக்கம் வந்து இறங்கும் வாத்துகளைப் பற்றி.

"ஆத்துல தண்ணியே இல்ல, வாத்து எங்கடா வரும்?" என்று ஹாஸ்டல் நண்பன் கேட்டான். கேள்வி நியாயமானதுதான். செஞ்சி மலைப் பகுதியில் பிறக்கும் சங்கராபரணி ஆறு வருடத்தில் பல மாதம் வெறும் மணல். வராக நதி, செஞ்சியாறு என்பதும் இதுவே. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓடிவரும் வெள்ளம், 1959-ல் கட்டப்பட்ட வீடூர் அணையில் தேங்குகிறது. இன்னும் கீழே, வாய்க்கால் வழியாக ஊசுடு ஏரிக்கும் போகிறது. அந்த ஏரியின் தன் பகுதியைப் புதுச்சேரி அரசு 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஆகவே ஆற்று வாத்தைப் பார்க்க, ஆற்றுத் தண்ணீர் நிற்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

போன ஜனவரியில் நாங்கள் நான்கு பேர் வீடூர் கரையில் நின்றோம். நீர்ப்பரப்பு முழுக்கக் கருப்புப் புள்ளிகள். "வாத்து, அறுநூறு இருக்கும்" என்று சொல்லி, சர்வே ஃபீல்டு புக்கில் 600 என்று எழுதியும் விட்டேன். அதில் இரண்டு தப்பு.

முதல் தப்பு, மிதப்பதெல்லாம் வாத்து அல்ல. உடம்பு கருப்பு, அலகும் நெற்றியும் வெள்ளை என்றால் அது நாமக்கோழி. பறக்கும் முன் தண்ணீர் மேல் தடதடவென ஓடும். குட்டியாக இருந்து சட்டென முங்கி வேறிடத்தில் எழும்பினால் முக்குளிப்பான். அலகு நுனி மஞ்சளாக இருந்தால் புள்ளிமூக்கு வாத்து, இது நம்மூர்வாசி. கண்ணுக்கு மேல் வெள்ளைப் பட்டை இருந்தால் ஆண் நீலச்சிறகி. சைபீரியா, மத்திய ஆசியா பக்கமிருந்து வரும் விருந்தாளி.

இரண்டாவது தப்பு, எண்ணாமல் எழுதியது. முறை சுலபம். முதலில் பத்துப் பறவைகளை ஒழுங்காக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனசில் வைத்து, கூட்டம் முழுக்க அதே அளவைப் பெயர்த்து வைத்துக்கொண்டே போங்கள். செயின் போட்டு நிலம் அளப்பது மாதிரிதான். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒப்பிட வேண்டும். காலையில் கிழக்குக் கரையில் நின்றால் வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கிட்டே போய்க் கூட்டத்தைக் கிளப்பக் கூடாது. திரும்பும் பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பு அதனால் வீணாகும்.

அப்படி எண்ணினால் மொத்தம் 230. அதில் நாமக்கோழி 150. வாத்து வெறும் 80!

"அறுநூறுன்னே போட்டுடலாம்டா, நம்ம அணைக்குப் பேர் வரும்" என்றான் ஒருவன். எனக்கும் ஆசைதான். ஆனால் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரிதோறும் நடப்பதே, ஒரு வருடத்தை இன்னொரு வருடத்தோடு ஒப்பிடத்தான். இன்று பொய்யாக 600 போட்டால், அடுத்த வருடம் உண்மையாக 80 எழுதுகிறவன் வாத்தெல்லாம் அழிந்ததாகச் சொல்வான். அவனும் நம்மைப் போல 600 என்றே போட்டால், நிஜமாக அழியும்போது ஒருவருக்கும் தெரியாது. ஒன்றுமே இல்லாத ஏரிக்குப் பூஜ்யம் எழுதுவதும் கணக்குதான்.

ஃபீல்டு புக்கில் ரப்பர் வைத்து அழிக்கக் கூடாது, அடித்துத்தான் எழுத வேண்டும் என்பது நாம் படித்த பாடம். என் நோட்டில் 600 அடிபட்டு, பக்கத்தில் 80 இருக்கிறது.

வரும் ஜனவரியில் நீங்களும் வாருங்கள். பைனாகுலர் ஒன்று இருக்கிறது, மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். பென்சில் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்; ரப்பர் வேண்டாம்!