குடியிருக்கும் வீட்டுக்கு வரிச் சலுகை
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

2022ஆம் ஆண்டு திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்கு வந்த சொத்துவரி அறிவிப்பை என் தந்தை என்னிடம் நீட்டி, "படிச்சுச் சொல்லு" என்றார். எழுத்தைப் படிக்க முடிந்தது. கணக்கைப் படிக்க முடியவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கவே இக்கட்டுரை.

வீட்டை வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்கும் என்பதே சென்னைச் சொத்துவரிக்கு நெடுங்காலம் அடிப்படை. நாமே குடியிருந்து ஒரு காசு வாடகை காணாவிட்டாலும் அப்படித்தான். மாநகராட்சி கையாண்ட கணக்கில் 10.92 என்றொரு பெருக்கெண் உண்டு. மாத வாடகை 100 ரூபாய் எனில், நிலத்துக்கு 10, கட்டடத்துக்கு 90. கட்டடப் பங்கில் பத்திலொன்றாகிய 9 ரூபாயைப் பழுதுபார்ப்புக்காகக் கழித்தால் மிச்சம் 91. அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 1,092. அதுவே ஆண்டு மதிப்பு.

அமெரிக்காவில் வேறு வழி. டெக்சாஸ் மாநிலத்தில் சொந்தக்காரர் குடியிருக்கும் வீட்டின் மதிப்பில் 1,00,000 டாலரைக் கழித்தபின் பள்ளி வரி விதிக்க 2023இல் வாக்காளர்கள் ஒப்பினர். 2,00,000 டாலர் வீட்டுக்கு அது பாதி. 10,00,000 டாலர் வீட்டுக்குப் பத்திலொன்றுதான். ஒரே தொகையைக் கழிப்பதால் சிறிய வீட்டுக்கே லாபம் மிகுதி. மும்பையில் 500 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்குச் சொத்துவரியே இல்லை என 2022இல் முடிவு செய்தனர்.

நம் மாநிலத்திலும் 2018 ஜூலையில் சொந்தக் குடியிருப்புக்கு 50, வாடகை வீட்டுக்கு 100 விழுக்காடு வரை உயர்வு என்று பிரித்தனர். எதிர்ப்பு எழவே, அம்மாதமே இரண்டுக்கும் 50 என்றாயிற்று. 2019இல் அந்த உயர்வே நிறுத்தி வைக்கப்பட்டது.

2022இல் பரப்பளவே அளவுகோல். பழைய மாநகரான இராயபுரத்தில் 600 சதுர அடி வரை 50 விழுக்காடு உயர்வு; அடுத்து 1,200 வரை 75; 1,800 வரை 100; அதற்கு மேல் 150. திருவொற்றியூரும் எண்ணூர் அடங்கிய கத்திவாக்கமும் 2011இல் மாநகராட்சியில் சேர்ந்தவை. ஆதலால் இங்கே 25, 50, 75, 100.

குடியிருப்பவர் யார் என்று இந்த அடுக்கு கேட்கவில்லை. மூன்று அண்ணன் தம்பிகள் கூடி வாழும் 1,300 சதுர அடி வீட்டுக்கு இங்கே 75 விழுக்காடு ஏறும். 550 சதுர அடி வீட்டை வாடகைக்கு விட்டு வேறிடத்தில் வசிப்பவருக்கு 25தான். இது முறையாக எனக்குப் படவில்லை.

எங்கள் வீடு 580 சதுர அடி. அரையாண்டுக்கு 400 ரூபாய் கட்டியிருந்தால் 500 ஆகும். 601 சதுர அடியாக இருந்திருந்தால் 600. தந்தையிடம் இதை விளக்கினேன். சற்று யோசித்தார்.

"பின்பக்கம் சமையலறையை இழுத்துக் கட்டணும்னு உங்கம்மா கேட்டாளே, அது எத்தனை அடி வரும்?"

நாற்பது என்றேன்.