எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை

சென்ற ஆண்டு மரக்கன்று நடும் நாளில், ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனைக் கைப்பேசியில் படம் எடுத்தேன். கிழிந்த சட்டை, கையெல்லாம் சேறு, முகம் நிறையச் சிரிப்பு. நல்ல படம் என்று நினைத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். மறுநாள் காலை அவனுடைய பாட்டி பள்ளி வாசலில் நின்றிருந்தார்.

“ஏனுங்க சார், நல்ல சட்டை வீட்ல இருக்குதுங்க. சேத்துல நிக்கப் போறான்னுதான் பழசைப் போட்டு அனுப்புனேன். அதையா ஊருக்கே காட்டுவீங்க? டூருக்கு வர்றவங்கதான் கேக்காம எடுக்கறாங்க. நீங்க வாத்தியாருங்க.”

மன்னிப்புக் கேட்டேன், படத்தை நீக்கினேன். ஆனால் அவர் சொன்னது மனத்தை விட்டு நீங்கவில்லை. எங்கள் பள்ளியிலிருந்து ஏற்காடு ஒண்டிக்கடை நடந்து போகும் தூரம்தான். விடுமுறை நாள் வந்தால் ஏரிச் சாலை முழுவதும் கேமராக்கள். எங்கள் பிள்ளைகள் கேட்காமலே பிறர் படத்தில் விழுந்து பழகியவர்கள். அவர்களையே கேமராவுக்குப் பின்னால் நிற்கவைத்தால் என்ன என்று தோன்றியது. அப்படித் தொடங்கியதுதான் இந்த மூன்று நாள் செயல்பாடு.

முதலில் தலைமையாசிரியரின் அனுமதியையும் பெற்றோரின் ஒப்புதலையும் பெற்றோம். கருவி என்று இருந்தவை இரண்டு ஆசிரியர்களின் கைப்பேசிகள் மட்டுமே. ஆளுக்கு மூன்று படம்தான் என்று விதி வைத்தோம். பழைய கேமராவில் 36 படம் எடுத்தால் ஃபிலிம் சுருள் தீர்ந்துவிடும், ஒவ்வொன்றையும் யோசித்தே எடுப்பார்கள் என்று சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை.

முதல் நாள்: விலங்குகள்

புறப்படும் முன் மா. கிருஷ்ணனைப் பற்றிச் சொன்னேன். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். 1912இல் பிறந்த இவர், சண்டூர் சமஸ்தானத்தில் பணியாற்றியபோது சில காலம் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். யானையையும் காட்டெருமையையும் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தார். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களை ஒட்டவைத்துத் தாமே ஒரு கருவியைச் செய்துகொண்டார். ஆனால் காட்டுக்குப் போனால்தான் விலங்கு என்று அவர் நினைக்கவில்லை. காகம், அணில், ஆடு என்று தினம் கண்ணில் படும் உயிர்களைப் பற்றியும் எழுதினார். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950இல் தொடங்கிய அவருடைய இயற்கைப் பத்தி 1996இல் அவர் மறையும்வரை வெளிவந்தது. பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அன்று முதல் அரை மணி நேரம் கைப்பேசியே கிடையாது. பழைய அட்டையில் சன்னல் போல் வெட்டிய சட்டம் மட்டும். அதன் வழியாக ஏரிக்கரைக் குரங்குகளைத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். ஒரு மாணவன் கடலையை எறிந்து குரங்கை அருகில் வரவழைக்கப் பார்த்தான். “அப்ப அது குரங்கு படம் இல்லடா, கடலை படம்” என்றாள் இன்னொரு மாணவி. நான் சொல்ல வேண்டியதை அவளே சொல்லிவிட்டாள். தீனி போட்டுப் பழக்கினால் குரங்குக்கு மனிதர் மேலுள்ள பயம் போகிறது. பிறகு அது பையைப் பறிக்கிறது, கடிக்கிறது. இதை அங்கேயே பேசினோம்.

பிள்ளைகள் கண்டுபிடித்தவை: கண்ணுக்குக் கண் முறைத்தால் குரங்கு பல்லைக் காட்டி மிரட்டும். நாம் நின்றபடி எடுத்தால் முதுகுதான் தெரியும். உட்கார்ந்து எடுத்தால் முகம் தெரியும். உச்சி வெயிலில் முகம் கறுத்துவிடும்; பனி மூட்டத்தில் நிழலே விழாது. காட்டெருமை நடமாடும் தோட்டப் பக்கம் மட்டும் போகவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம்.

இரண்டாம் நாள்: தெரு

ஒண்டிக்கடை சந்திப்பு. பேருந்து, பஜ்ஜிக் கடை, மிளகும் காப்பித்தூளும் விற்கும் கடைகள். இன்றைய விதி ஒன்றே: யாரை எடுத்தாலும் முதலில் பெயர் சொல்லி, எதற்காக என்று சொல்லி, கேட்க வேண்டும். வகுப்பிலேயே இருவர் இருவராக நடித்துப் பழகினோம். “அக்கா, நாங்க இங்க பள்ளிக்கூடத்துல படிக்கறோம். நீங்க வேலை செய்யறத ஒரு படம் எடுத்துக்கட்டுங்களா?”

பெரும்பாலோர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்கள். சோளக்கதிர் சுடும் அம்மா ஒருவர் மட்டும் “வேண்டாம் கண்ணு” என்றார். கேட்ட மாணவிக்கு முகம் வாடிவிட்டது. “படம் வேண்டாம்னுதானே சொன்னாங்க, பார்க்க வேண்டாம்னு சொல்லலையே” என்றேன். அவள் கதிர் வாங்கித் தின்றுகொண்டே அவரோடு பேசியிருக்கிறாள். கரி எங்கிருந்து வருகிறது, மழை வந்தால் எங்கே ஒதுங்குவார், எந்தக் கதிர் இளசு என்று எப்படித் தெரியும் என்றெல்லாம் கேட்டு, பெயரும் முகமும் இல்லாமல் ஒன்றரைப் பக்கம் எழுதிவந்தாள். மூன்று நாளில் வந்த எழுத்துகளில் அதுவே சிறந்தது. சுவரில் அதை ஒரு வெற்றுச் சட்டத்துக்குள் ஒட்டினோம். ‘எடுக்காத படம்’ என்று பிள்ளைகளே தலைப்பிட்டார்கள்.

மூன்றாம் நாள்: வீடு

ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக் கைப்பேசியிலோ பக்கத்து வீட்டாரிடம் கேட்டு வாங்கியோ குடும்பத்தைப் படம் எடுக்க வேண்டும். ஒரு வீட்டில் காதுகுத்து. மற்ற வீடுகளில் துணி துவைப்பதும் தலை பின்னுவதும்தான். கைப்பேசி இல்லாத நான்கு பிள்ளைகள் வீட்டுக்கு நாங்களே போனோம். அவற்றில் ஒன்று அந்தப் பாட்டியின் வீடு.

பேரன் முறைப்படி கேட்டான். “இருடா” என்று உள்ளே போனவர், பச்சைச் சேலை உடுத்தி, தலை வாரி, திருநீறு பூசிக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். “ஆதார் அட்டையில இருக்கறதுதான் இதுவரைக்கும் எம் மூஞ்சி” என்றார். அவன் மூன்று படத்தையும் அவருக்கே செலவழித்தான். சேலம் போனபோது அச்சிட்டு வந்து கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், “இதை வேணா ஊருக்குக் காட்டிக்குங்க” என்றார்.

காட்டவில்லை. அது அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்

கைப்பேசி இல்லாமலும் இதைச் செய்யலாம். அட்டைச் சட்டமும் குறிப்பேடும் போதும். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று வரி எழுதச் செய்யுங்கள்: என்ன தெரிகிறது, சட்டத்துக்கு வெளியே என்ன விடுபட்டது, இதில் இருப்பவர் பார்த்தால் என்ன சொல்வார். மூன்றாவது கேள்விதான் முக்கியம். மதிப்பீடு செய்யும்போது அழகான படத்துக்கு மட்டும் மதிப்பெண் கொடுக்காதீர்கள். கேட்டதற்கும் காத்திருந்ததற்கும் கொடுங்கள். எடுத்த படத்தின் பிரதியை இயன்றவரை உரியவரிடம் சேர்த்துவிடுங்கள்.

இப்போதெல்லாம் வகுப்பில் நான் கைப்பேசியை எடுத்தாலே ஒரு குரல் வருகிறது: “சார், கேட்டீங்களா?” கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன்.