சினைப்பைக் கட்டி: சாதாரணமா, புற்றுநோயா? எந்த ஸ்கேன் முறையை நம்பலாம்?

ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசியில் ‘காம்ப்ளெக்ஸ் சிஸ்ட்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த ரிப்போர்ட் முடியவில்லை என்று அர்த்தம். நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரிய வேண்டியது அது சாதாரணக் கட்டியா, புற்றுநோய்க் கட்டியா என்பதுதான். சாதாரணக் கட்டி என்றால் சும்மா கவனித்து வரலாம், அல்லது லேப்ராஸ்கோப்பி மூலம் கட்டியை மட்டும் எடுத்துச் சினைப்பையைக் காப்பாற்றலாம். புற்றுநோய் என்ற சந்தேகம் வலுத்தால் முதல் ஆபரேஷனே புற்றுநோய் அறுவை நிபுணரின் கையில் நடக்க வேண்டும். மார்பகக் கட்டியில் ஊசி போட்டுத் திசு எடுப்பதைப் போல இங்கே எளிதாகச் செய்துவிட முடியாது. சினைப்பைக்குள்ளேயே அடங்கியிருக்கும் முதல் நிலைப் புற்றுநோயின் உறை கிழிந்து கசிந்தால், நோய் 1ஏ-யிலிருந்து 1சி-க்குப் போய்விடும். அதனால் கத்தி எடுப்பதற்கு முன் எடுக்கும் முடிவில் பெரும்பகுதி அல்ட்ராசவுண்டையே நம்பியிருக்கிறது.

அந்த முடிவுக்கு உதவும் முறைகளில் இங்கே பார்ப்பவற்றுள் பழையது ஆர்எம்ஐ என்ற புற்றுநோய் அபாயக் குறியீடு. 1990-இல் லண்டனில் இயன் ஜேக்கப்ஸ் குழு கொண்டுவந்தது. பல அறைகள், திடப்பகுதி, இருபக்கமும் கட்டி, வயிற்றில் நீர், வேறு இடத்துக்குப் பரவல் ஆகிய ஐந்தில் ஒன்று இருந்தால் 1, இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 3. மாதவிடாய் நிற்காதவருக்கு 1, நின்றவருக்கு 3. இரண்டையும் சிஏ-125 ரத்தப் பரிசோதனை அளவோடு பெருக்க வேண்டும். விடை 200-ஐத் தாண்டினால் சந்தேகம். ஸ்கேன் பார்ப்பவருக்குத் தனிப் பயிற்சி அதிகம் தேவையில்லை என்பது இதன் பலம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இன்றும் இது உதவும்.

இளம் பெண்களிடம்தான் இது தடுமாறுகிறது. இரண்டு சினைப்பையிலும் பல அறைகள் கொண்ட எண்டோமெட்ரியோசிஸ் கட்டி உள்ள 28 வயதுப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நோயில் சிஏ-125 அளவு 80 இருப்பது அபூர்வமில்லை. 3 × 1 × 80 = 240. புற்றுநோயே இல்லாத பெண் சந்தேக வரிசையில் நிற்கிறாள். மாதவிடாய் நாட்கள், கர்ப்பம், ஃபைப்ராய்டு, இடுப்புத் தொற்று எல்லாமே இந்த அளவை ஏற்றும். நம் ஊரில் மறக்கக் கூடாத இன்னொன்று வயிற்றுக் காசநோய். வயிற்றில் நீர், எகிறிய சிஏ-125, இடுப்பில் கட்டி என்று முற்றிய சினைப்பைப் புற்றுநோயின் தோற்றத்தை அப்படியே காட்டும். மறுபக்கம், முதல் நிலைப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் சிஏ-125 ஏறுவதே இல்லை. ஆகவே இளம் பெண்ணிடம் இந்த ஒரு எண்ணை வைத்து முடிவெடுப்பதை நான் ஏற்க மாட்டேன்.

ஐயோட்டா குழுவின் ‘சிம்பிள் ரூல்ஸ்’ ரத்தப் பரிசோதனையே கேட்பதில்லை. லூவனின் டிர்க் டிம்மர்மன், லண்டனின் டாம் போர்ன், மால்மோவின் லில் வாலென்டின் ஆகியோர் சினைப்பைக் கட்டிகளை ஆராய 1999-இல் தொடங்கிய குழு அது. இந்த விதிகள் 2008-இல் வந்தன. சாதாரணக் கட்டிக்கு ஐந்து அடையாளங்கள்: ஒரே அறை, திடப்பகுதி இருந்தாலும் 7 மில்லிமீட்டருக்குக் குறைவு, ஒலிநிழல், 10 சென்டிமீட்டருக்குக் குறைவான, உட்சுவர் வழுவழுப்பான பல அறைக் கட்டி, கலர் டாப்ளரில் ரத்த ஓட்டமே இல்லை. புற்றுநோய்க்கும் ஐந்து: ஒழுங்கற்ற திடக்கட்டி, வயிற்றில் நீர், உட்சுவரில் நான்கு அல்லது அதற்கு மேல் முளைகள், 10 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள, திடப்பகுதி கலந்த ஒழுங்கற்ற பல அறைக் கட்டி, மிக அதிக ரத்த ஓட்டம். ஒரு பக்க அடையாளம் மட்டும் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. இரண்டு பக்கமும் இருந்தாலோ, எதுவுமே இல்லாவிட்டாலோ இந்த விதி கைவிரித்துவிடும். நாலைந்து கட்டிகளில் ஒன்று அப்படித்தான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் இந்தக் குணத்துக்காகவே எனக்கு இந்த முறை பிடிக்கும்.

ஆனால் அளப்பவர் கவனமாக இருக்க வேண்டும். 3 மில்லிமீட்டர் உயரமாவது இருந்தால்தான் அது முளை. உறைந்த ரத்தக்கட்டி திடப்பகுதி போலத் தெரியும். அதற்குள் ரத்த ஓட்டம் இருக்காது. டாப்ளரின் வேக அளவை உயர்த்தி வைத்துவிட்டால் மெல்லிய ஓட்டம் தெரியாமல் போய், புற்றுநோய்க்கும் ‘ஓட்டமில்லை’ என்று எழுத நேரும்.

விதி கைவிரிக்கும் இடத்தில் அட்னெக்ஸ் உதவும். அதே குழு 2014-இல் வெளியிட்ட கணிப்பு முறை. வயது, சிஏ-125, பார்ப்பது புற்றுநோய் மையமா என்பதோடு கட்டியின் அளவு, திடப்பகுதியின் விகிதம், பத்துக்கு மேல் அறைகளா, முளைகளின் எண்ணிக்கை, ஒலிநிழல், வயிற்று நீர் ஆகியவற்றைக் கொடுத்தால் சதவீதமாகப் பதில் வரும். சாதாரணம், பார்டர்லைன் (சாதாரணத்துக்கும் புற்றுநோய்க்கும் இடைப்பட்டது), முதல் நிலை, இரண்டு முதல் நான்காம் நிலை, வேறு உறுப்பிலிருந்து பரவியது என ஐந்தாகப் பிரித்துச் சொல்வதுதான் இதன் பெரும் பயன். குழந்தை வேண்டும் என்று காத்திருக்கும் பெண்ணுக்குப் பார்டர்லைன் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால், கர்ப்பப்பையையும் மறு சினைப்பையையும் காக்கும் ஆபரேஷனைப் பற்றி முன்கூட்டியே பேச முடியும். இரைப்பை, பெருங்குடலிலிருந்து பரவியது என்ற சந்தேகம் வந்தால் எண்டோஸ்கோப்பி முதலில் வரும். புற்றுநோய் அபாயம் 10 சதவீதம் என்பதை எல்லையாக வைப்பது வழக்கம். சிஏ-125 இல்லாமலும் கணக்குப் போடலாம். நிலை பிரிப்பதில் மட்டும் துல்லியம் குறையும்.

அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியின் ஓ-ராட்ஸ் என்ற அபாய எண் முறை 2020-இல் வந்தது. 2 என்றால் அபாயம் 1 சதவீதத்துக்கும் கீழ், 3 என்றால் 10-க்குக் கீழ், 4 என்றால் 50-க்குக் கீழ், 5 என்றால் 50-உம் அதற்கு மேலும். ஒவ்வோர் எண்ணுக்கும் அடுத்த வேலை என்ன என்று சொல்லிவிடும். ரேடியாலஜிஸ்ட்டும் மகப்பேறு டாக்டரும் ஒரே மொழியில் பேச இது நல்லது.

இத்தனைக்கும் மேல், அனுபவசாலியின் கண் இந்த முறைகளுக்குச் சளைத்ததல்ல என்பதை ஐயோட்டா ஆய்வுகளே ஒத்துக்கொள்கின்றன. டெர்மாய்டு கட்டியையும் எண்டோமெட்ரியோசிஸ் கட்டியையும் நிறையப் பார்த்தவர் பார்த்தவுடனே சொல்லிவிடுவார். அவர் கிடைக்காத ஊரில்தான் விதிகளின் அருமை. எம்ஆர்ஐ, ஸ்கேனில் தீராத சந்தேகத்துக்கு. சிடி, நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்க. சாதாரணமா இல்லையா என்று பிரிக்க அது தோதான கருவி அல்ல.

எந்த முறையானாலும் பிறப்புறுப்பு வழி ஸ்கேன்தான் தெளிவானது; பெரிய கட்டிக்கு வயிற்று வழியும் சேர வேண்டும். திருமணமாகாத பெண்களுக்கு வயிற்று வழியாகவோ மலக்குடல் வழியாகவோ பார்க்கலாம்.

சாதாரணக் கட்டி என்று முடிவானபின் அவசரம் வேண்டாம். அப்படி ஆபரேஷன் இன்றிக் கண்காணிக்கப்பட்ட பெண்களைப் பற்றி 2019-இல் லான்செட் ஆன்காலஜியில் வந்த ஐயோட்டா ஆய்வில், 2 ஆண்டுகளுக்குள் ஐந்தில் ஒரு பங்குக் கட்டிகள் தாமாகவே மறைந்தன. ஊடுருவும் புற்றுநோய் என்று தெரியவந்தது 0.4 சதவீதம்தான்.

என் பரிந்துரை இதுதான்: முதலில் சிம்பிள் ரூல்ஸ், அது கைவிரித்தால் அட்னெக்ஸ், அல்லது அனுபவமுள்ளவரின் மறு ஸ்கேன், மாதவிடாய் நின்றவருக்கு வேறு வழியில்லாத இடத்தில் ஆர்எம்ஐ. ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பதற்கு முன், கட்டியின் அளவு, அறைகள், திடப்பகுதி, முளைகள், ஒலிநிழல், ரத்த ஓட்டம், வயிற்று நீர் ஆகிய ஏழும் ரிப்போர்ட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.