சுவிட்சின் பாஸ்வேர்டு யார் யாரிடம் இருக்கிறது?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்து ஷூ கம்பெனிகளில் ஐ.டி. வேலைக்குச் சேர்பவரை முதல் நாளே பிரிண்டர் பக்கம் இழுத்துக்கொண்டு போவார்கள். போங்கள். ஆனால் அந்த வாரத்துக்குள் நெட்வொர்க் சுவிட்சுக்குள் நுழைந்து பார்த்துவிடுங்கள். பல இடங்களில் கேபிள் இழுத்த வெண்டர் வைத்துவிட்டுப் போன ‘அட்மின்’ பாஸ்வேர்டுதான் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும். வெண்டருக்கும் தெரியும், உங்களுக்கு முன் வேலையை விட்டுப் போனவருக்கும் தெரியும்.

டெல்நெட் திறந்திருந்தால் அதை மூடுவதுதான் முதல் வேலை. அது பாஸ்வேர்டை மறைக்காமல் அப்படியே அனுப்பும். பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழக நெட்வொர்க்கில் இப்படிப் பாஸ்வேர்டுகள் திருடுபோன பிறகுதான் தாத்து யுலோனென் 1995-இல் பாஸ்வேர்டை மறைத்து அனுப்பும் எஸ்எஸ்எச்சை எழுதினார். பழங்கதை என்று தள்ள வேண்டாம்: 2017 மார்ச்சில் சிஸ்கோ தன் 300-க்கும் மேற்பட்ட சுவிட்ச் மாடல்களில் டெல்நெட் வழியே உள்ளே புகுந்துவிடும் ஓட்டை இருப்பதாக அறிவித்து, டெல்நெட்டை நிறுத்தச் சொன்னது.

அவசரப்பட்டால் வெளியே நிற்கப்போவது நீங்கள்தான். சிஸ்கோ சுவிட்ச் என்றால், முதலில் உங்கள் பெயரில் ஒரு யூசர், ‘சீக்ரெட்’ வகைப் பாஸ்வேர்டு. பிறகு 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவி. அதன் பின் ‘ரீலோட் இன் 10’ கொடுத்துவிட்டு, நெட்வொர்க் வழியே நுழையும் விடிஒய் லைன்களில் ‘லாகின் லோக்கல்’, ‘டிரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்எஸ்எச்’ போடுங்கள். பழைய விண்டோவை மூடாமல் இன்னொரு விண்டோவில் நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால் ரீலோடை ரத்து செய்து, அப்புறம் சேவ். முடியாவிட்டால் பத்து நிமிடத்தில் சுவிட்ச் தானே ரீஸ்டார்ட் ஆகிப் பழையபடி வந்துவிடும். முன்னதாக சேவ் செய்தால் இந்த வழியும் அடைபடும். ஸ்டிச்சிங் லைன் ஓடும்போது இதைச் செய்யாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.

விடிஒய் லைன்களில் 0 முதல் 4 வரை பூட்டிவிட்டு 5 முதல் 15 வரையுள்ள லைன்களை மறப்பவர்கள் அதிகம். ஐ.டி. மேசையின் ஐபி வரம்பிலிருந்து மட்டும் நுழைய ‘ஆக்சஸ் கிளாஸ்’ போடுவதும் இங்கேதான். ‘எக்செக் டைம்அவுட்’டில் பூஜ்யம் இருந்தால், ஒருமுறை நுழைந்தவரை சுவிட்ச் தானாக வெளியேற்றாது.

சுவிட்சுகள் பெருகினால், எல்லா லாகினையும் ஒரே இடத்தில் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் வையுங்கள். ஃப்ரீரேடியஸ் இலவசம். ரேடியஸுக்குப் பின்னால் ‘லோக்கல்’ என்று சேர்க்க மறக்காதீர்கள். சர்வர் பதில் தராதபோது மட்டுமே அது கை கொடுக்கும். சர்வர் மறுத்த ஆளை உள்ளே விடாது.

முதலாளியிடம் ஹேக்கர் கதை சொல்லிப் பயன் இல்லை. கழிவுநீர் மீட்டரின் கணக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஆன்லைனில் போகும் தோல் ஆலையில், போர்ட் ஒன்று படுத்து தகவல் நின்றால் யார் கை வைத்தது என்று கேட்பார்கள். எல்லாரும் ‘அட்மின்’ என்றால் என்ன பதில்? 2022 ஏப்ரல் 28-இல் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன் பிறப்பித்த உத்தரவுப்படி லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஊடுருவல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆகவே லாக் தனி சர்வருக்குப் போகட்டும், சுவிட்சின் கடிகாரமும் சரியாக ஓடட்டும்.

வெண்டர் போனில் பாஸ்வேர்டு கேட்டால், “அண்ணே, உங்க பேர்ல தனி லாகின் போட்டுத் தர்றேன்” என்று சொல்லுங்கள். வேலை முடிந்த அன்று மாலையே அதை எடுத்துவிடுங்கள்.